மாத்து செத்துப் பார்த்த ஞாயிறுகள்

பாட்டில் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் மாத்து. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு மேஸ்திரி. ஒரு பெல்ட் இத்தனை மணி நேரம்தான் ஓடும் என்று செய்தவன் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நேரம் முடிந்த அன்று சரியாக வந்து நின்று "மாத்து" என்பார். பெல்ட் புத்தம் புதுசாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கீறல் இருக்காது. நன்றாகத்தானே ஓடுகிறது மேஸ்திரி என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தான். அறுந்த பிறகு மாற்றுவதற்கு மேஸ்திரி எதற்கு, தெருவில் போகிறவன் போதுமே என்று பிடித்துக்கொள்வார். அவர் கழற்றிப் போட்ட பெல்ட்டுகளைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் போய் வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. அதை மட்டும் அவர் காதில் யாரும் போடுவதில்லை.

மெஷினுக்கு அது நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். அவர் இருந்தவரைக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு மெஷினும் நடுவில் நின்று யாரையும் கழுத்தறுத்ததில்லை. அதே முறையை மனுஷனுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே பிரஷர் மாத்திரை வாங்க சுகாதார நிலையத்துக்குப் போனார். வேலையில் இருந்தவரைக்கும் மனைவிதான் போய் வாங்கி வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் எதிர்ச் சுவரைப் படித்தார். இந்தப் பகுதியில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் என்று பெயின்டில் எழுதிய ஒரு பலகை. கடைசி வரியில் சராசரி ஆயுள் என்று போட்டு, ஆண் 63, பெண் 74 என்று இருந்தது. ஆணுக்கு எழுதியிருந்த எண்ணுக்கு அடியில் சுரண்டி அழித்த பழைய எண்கள் மங்கலாகத் தெரிந்தன. 65 இருந்தது, அதற்கும் கீழே 66. பெண்ணுக்கு அப்படி ஒரு சுரண்டலும் இல்லை. வருஷா வருஷம் ஆண்களுக்கு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, பெண்களுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கிறது.

வேறு யாராவது என்றால் அடப்பாவமே என்று ஒரு உச்சுக் கொட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். மாத்துவுக்கு அப்படி விட முடியவில்லை. இது செய்தவன் எழுதிக் கொடுத்த நேரம். அறுபத்துமூன்றில் ஐம்பத்தெட்டு போனால் ஐந்து. பலகைக்குப் பக்கத்திலேயே நர்ஸம்மாவின் அறை, கதவு திறந்துதான் கிடந்தது. அந்த அம்மா உள்ளே சும்மா உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் ஆயுசில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, மற்றவர்கள்தான் அவரிடம் கேட்பார்கள்.

மத்தியானம் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு இன்னும் அஞ்சு வருஷம். உனக்குப் பத்தொம்பது."

அவள் ஏதோ பாலிசி விவகாரம் என்று நினைத்துத் தலையாட்டினாள். விளங்கியதும் சிரித்துவிட்டாள். யாரோ சுவரில் எழுதியதற்கெல்லாம் நாம் சாக முடியுமா என்று கேட்டாள். சிரித்தது பெரிய குற்றமாகப் போய்விட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது அவளுக்குப் பாடம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெண் எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் ஏறினாள். கேட்கவேண்டும் என்று வைத்திருந்தவர் அவர்தான். இப்போது திடீரென்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் அவள் எங்கே போவாள்? ஃபியூஸ் போடவேண்டும், மோட்டார் ஓடாவிட்டால் பார்க்கவேண்டும், கேஸ் சிலிண்டர் மாற்றவேண்டும், பேங்க் மெஷினில் கார்டு போட்டு எடுக்கவேண்டும். ஸ்டூல் மேல் ஏறி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவள் ஃபியூஸ் கம்பியைச் சுற்றுவாள். அவர் கீழே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளக்கூட எழுந்திருக்க மாட்டார். தான் போன பிறகு யார் வந்து பிடிப்பார்கள் என்பது அவர் கேள்வி. ஒரு தடவை ஷாக் அடித்து அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பரவாயில்லை, இனிமேல் மெயினை அணைக்காமல் தொட மாட்டாய் என்றார். திருப்தியாகவே சொன்னார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பதினோரு வருஷம்தான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. ஆணுக்கு அறுபத்துமூன்று, பெண்ணுக்கு எழுபத்துநான்கு. நடுவில் இருக்கும் பதினொன்றை அவள் தன் தட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டது போல அவளைப் பார்ப்பார். தலைவலி என்று அவள் படுத்தால், உனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருப்பாய் என்பார். மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்காவோடு அவள் படிக்கட்டில் நின்று ஏதோ பேசிச் சிரித்துவிட்டு வந்த நாளில் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நான் இல்லாத வீட்டுல எப்படிச் சிரிக்கிறதுன்னு இப்பவே பழகிக்கிறியா?"

அதன் பிறகு அவள் அவர் எதிரில் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

பிள்ளை ஒருவன்தான். அப்போது முப்பத்திரண்டு வயது. அதே தொழிற்சாலையில் லாரிக்குப் பெட்டி ஏற்றும் இடத்தில் வேலை பார்த்தான். வாயைத் திறந்தால் பாட்டு, யாரோடும் சண்டை கிடையாது, நாலு பேர் கூப்பிட்டால் எட்டுப் பேருக்கு டீ வாங்கிக் கொடுப்பான். அப்பாவுக்கு அவன் ஒரு தண்டம். ஆனால் தன்னைக் கழற்றும் இடத்தில் மாட்டுவதற்கு வேறு சாமான் கைவசம் இல்லையே. மேனேஜரிடம் பழைய பழக்கத்தை வைத்துச் சொல்லி, அவனை நிரந்தர நைட் ஷிஃப்டுக்கு மாற்றினார். சூப்பர்வைசர் ஆகிறவர்களை அங்கிருந்துதான் எடுப்பார்கள் என்பது அவர் அனுபவம். பையனுக்கு இஷ்டமே இல்லை. அவனும் அம்மா மாதிரிதான், எதிர்த்துப் பேச வாய் வராது. காலையில் கண்கள் சிவந்து வந்து சேருவான். சில நாள் வாயிலிருந்து சாராய நெடி வரும், கூடத்தில் அப்படியே சரிந்து கிடப்பான். இரண்டு மணி நேரம் தூங்குவதற்குள் அப்பா எழுப்பிவிடுவார், பாடம் நடத்த. ஆள் ஊதிப்போனான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கல்யாணப் பேச்சு எடுத்தால், முதலில் ஒரு வீட்டை நடத்தத் தெரியட்டும் என்று அப்பா அடைத்துவிடுவார். தினமும் காலையில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொள்ளும் மனுஷன், பிள்ளையின் முகத்தை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். எனக்கு அவர் மேல் இருக்கும் ஆத்திரத்தில் பாதி இதற்குத்தான்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மேஸ்திரி பொறுப்பை அடுத்தவனிடம் ஒப்படைக்கும் முன்னால், பழையவர் ஒரு நாள் முழுக்கக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கவேண்டும். புதியவன் உள்ளே தனியாக ஓட்டுவான். பெல்ட்டே அறுந்தாலும் வெளியே நிற்பவர் உள்ளே போகக் கூடாது, சைகை காட்டக் கூடாது. அறுந்த பிறகு புதியவன் என்ன செய்கிறான் என்பதில்தான் பரீட்சையே இருக்கிறது. இதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் செத்துவிடுவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் பின்னறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார், சாயங்காலம்தான் திறப்பார். முதல் நாளே ஒரு குடம் தண்ணீரும் இரண்டு பன்னும் எடுத்து வைத்துக்கொள்வார். செத்தவனுக்குப் பசிக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கக் கூடாது, கேட்டாலும் பதில் வராது. முதல் ஞாயிறன்று பீரோ சாவி எங்கே என்று கேட்டு மனைவி கதவைத் தட்டினாள். தட்டித் தட்டி, உள்ளே சத்தமே இல்லாமல் போக, நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அழுதே விட்டாள். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வெளியே வந்து, அவள் எங்கெங்கே தப்புச் செய்தாள் என்று விலாவாரியாகச் சொன்னார்.

ஒரு வருஷத்துக்குள் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அது மட்டுமா, அவர் செத்த ஞாயிறுதான் அந்த வீட்டுக்கு நல்ல ஞாயிறாக ஆனது. அம்மாவும் பிள்ளையும் கூடத்தில் சம்மணம் போட்டு ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். தையல்கார அக்கா இறங்கி வந்தாள். பையன் பாடினான். முதல் ஞாயிறு வந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்று அவள் அக்காவிடம் சொன்னது கதவு வழியாக அவருக்கும் கேட்டது. வலித்தது. ஆனாலும் நாம் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அப்படி ஒரு முதல் ஞாயிறன்று காலையில் பையன் ஷிஃப்ட் முடிந்து வந்தான். சாப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நேராகப் பின்னறைக் கதவுக்கு வந்தான்.

"அப்பா. நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குப்பா. கையெல்லாம் மரத்துப்போகுது."

அவருக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சு வலிக்கிறவன் டாக்டரிடம் போகவேண்டும், செத்தவனிடம் வந்து சொல்லி என்ன பிரயோஜனம், இதைக்கூடச் சொந்தமாக முடிவு செய்யத் தெரியாதவன் நாளைக்கு என்னத்தைக் கிழிக்கப்போகிறான் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு சரிப்பா என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்து போனான். பதில் சொல்லாதவருக்கு அவன் சரி சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஏதோ தடாலென்று விழுந்தது. ஒரு டம்ளர் உருண்டு போய் எங்கேயோ நின்றது. மனைவி பிள்ளையைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எழுந்திரு கண்ணு, எழுந்திரு கண்ணு என்று திரும்பத் திரும்ப. பிறகு ஓடி வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் தொடாத கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஏங்க, பையன் விழுந்துட்டான். கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான். வெளிய வாங்க."

கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் போன மாதமும் இதே கூடத்தில் குடித்துவிட்டு வந்து விழுந்தவன்தானே, தெளிந்ததும் தானாக எழுந்து போனானே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. கூடவே தொழிற்சாலையின் அந்தக் கண்ணாடிச் சுவரும் ஞாபகம் வந்தது. அறுந்தால்தானே பரீட்சை. கையை எடுத்துவிட்டார்.

அவள் அதற்கு மேல் தட்டவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். வீட்டு நம்பர், தெரு, முனையில் இருக்கும் டயர் கடை எல்லாவற்றையும் பதறாமல் சொன்னாள். அக்காவைக் கூப்பிட்டு வாசல் கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னாள். அடுப்பை அணைத்தாள். சிலிண்டரை மூடினாள். ஒரு தடுமாற்றம் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாத்து, பரவாயில்லையே, தேறிவிட்டாளே என்று நினைத்தார். பிள்ளை தரையில் கிடக்கும்போது அந்த மனுஷனுக்கு மனசு நிறைந்தது. ஆம்புலன்ஸ் வர வெகு நேரம் ஆனது. வந்தது, தூக்கிக்கொண்டு போனது. அவள் அவர் சொல்லிக் கொடுத்தபடியே மெயினை அணைத்துவிட்டு, வெளியே பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் முதலுதவிக்கென்று கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தவர் அவர்தான். இதயம் நின்றுபோனவனின் மார்பை எப்படி அழுத்துவது என்று வருஷா வருஷம் பயிற்சி கொடுப்பார்கள். மூடி போடும் பிரிவில் ஒருவன் வேலை நடுவில் சாய்ந்தபோது, ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் அழுத்தியவர் அவர். அந்த ஆள் இன்றைக்கும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடமாடுகிறான். ஃபியூஸையும் மோட்டாரையும் பேங்க் மெஷினையும் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவர், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் நிற்கப்போவது தன்னுடைய இதயம் ஒன்றுதான், அதைத் திரும்ப ஓட்டவேண்டிய அவசியம் இல்லை என்பது அவர் கணக்கு.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் அவளிடம் கேட்டார், எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான், வீட்டில் யாரும் மார்பை அழுத்திவிடவில்லையா என்று.

"வீட்ல யாரும் இல்லைங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற தையல்கார அக்கா இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தெருவுக்கு இந்த வார்த்தையைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

சாயங்காலம் மாத்து வழக்கம்போல வெளியே வந்தார். வீடு வெளியே பூட்டியிருந்தது. கூடத்தில் பையனின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. என்னென்ன சரியாகச் செய்தாள், எங்கே கோட்டை விட்டாள் என்று சொல்வதற்காக நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். இருட்டுகிற நேரத்தில் அக்கா வந்து பூட்டைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள். பையன் போய்விட்டான், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். முப்பத்துநான்கு வயது.

மனைவி தன்னைத் திட்டித் தீர்ப்பாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று அவர் காத்திருந்தார். வேண்டுமென்றே அவள் வழியில் போய் நின்றார். அவள் சுற்றிக்கொண்டு போனாள். வேளாவேளைக்குத் தட்டில் சாப்பாடு வந்தது. துணி துவைத்து மடித்து வைத்தாள். ஃபியூஸ் போனால் தானே ஸ்டூல் போட்டு ஏறினாள். அவர் ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்தால் இறங்கிவிட்டு, அவர் நகர்ந்த பிறகு ஏறினாள். எதையும் கேட்கவில்லை, எதற்கும் பதில் இல்லை. பின்னறைக் கதவின் தாழ்ப்பாளை அவர் தன் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டார். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. ஒரு தடவை அவள் காலடியில் உட்கார்ந்து, என்னை ஏதாவது சொல்லித் திட்டிவிடு என்று கெஞ்சினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஆய்ந்து முடித்ததும் எழுந்து போனாள்.

அதன் பிறகுதான் அவருக்கு அந்த எண் மேல் ஆசை வந்தது. இன்னும் இரண்டே வருஷம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் முடிந்துவிடும். அறுபத்தொன்று நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் சுகாதார நிலையத்துக்குப் போனார். பெயின்டர் ஏணி மேல் நின்று ஆணுக்கான 63ஐச் சுரண்டிவிட்டு 62 எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் குறைந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நேராக நர்ஸம்மாவின் அறைக்குப் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாத ஒன்றை ஒருவரிடம் கேட்டார். அப்படியென்றால் அடுத்த வருஷத்தோடு எனக்கு முடிந்துவிடும் இல்லையா என்று.

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பாவம் மனுஷன் பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்து, உட்காரவைத்துச் சொன்னாள்.

"அது உங்களுக்குப் போட்டது இல்லைங்க. இப்போ பிறக்கிற குழந்தைக்குப் போட்டது. இந்தப் பக்கம் ஆம்பளைங்க முப்பது, நாப்பதுலயே நிறைய பேர் போயிடுறாங்க. குடி, பைக், நெஞ்சுவலி. அவங்கதான் நம்பரைக் கீழ இழுக்குறாங்க. உங்க வயசைத் தொட்டவங்க சாதாரணமா எண்பது வரைக்கும் இருக்காங்க."

அவர் எழுந்து கதவோரம் வந்து பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, முப்பத்துநான்கு வயதில் போன ஒருவன் இதில் எங்கே வருவான் என்று கேட்டார்.

"அவரும் இந்த நம்பருக்குள்ளதான் இருப்பாரு" என்றாள் அவள், யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல். பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பதாகவும், மாத்திரையை விடாமல் போட்டால் ஒரு குறையும் வராது என்றும் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் குந்தி உட்கார்ந்து புது சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்றார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்ல அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"என் கணக்கு தப்பாம். நான் இன்னும் பதினெட்டு, இருபது வருஷம் இருப்பேனாம். அந்த நம்பர் எனக்கு இல்லையாம். அவனை மாதிரிப் பசங்களுக்காம்."

அவள் ரெகுலேட்டரைத் திருகி, கசிகிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை போன பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இருங்க. அவன் வருஷத்தையும் சேர்த்து நீங்களே இருங்க."

மறுநாளிலிருந்து அவர் மாத்திரை போடுவதை நிறுத்தினார். அட்டை குறையாமல் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீருமாக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். வேண்டாம் என்றார். நின்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதும் நின்றாள். வேறு வழியில்லாமல் வாங்கி விழுங்கினார். வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டி, நாக்குக்கு அடியில் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் வருகிறாள். ஒரு நாள்கூட மறந்ததில்லை.